ஆங்கிலம் கற்போம்: சின்னச் சொல், பெரிய கணக்கு



நம்ம சானமாவு பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிறது. ஆனால் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்கள் கையெழுத்துப் போடும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பெரிய சொற்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாக்கியத்தை இணைக்கிற சின்னச் சொல்லை முதலில் பிடிப்போம்.

1. 'தேன்' என்றால் 'விட'

'சானமாவை விட ஓசூர் பெரியது' என்கிறோம். 'விட' என்பதற்குக் கன்னடத்தில் 'கிந்த', தெலுங்கில் 'கண்டே'. மூன்றிலும் அது ஊர்ப்பேருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும்: 'ஓசூர் இஸ் பிக்கர் தேன் சானமாவு'. ஆகவே 'தேன்' வந்தால் அதற்கு அடுத்து வருவதோடு 'விட' சேர்த்துப் படியுங்க. நடுவே 'ஏ' எழுத்து இருந்தால்தான் இது. 'ஈ' எழுத்து இருந்தால் அது 'தென்', அதாவது 'அப்புறம்'.

2. 'மோர் தேன்', 'நாட் லெஸ் தேன்'

'மோர் தேன் 80 டேஸ்' என்றால் 80 நாள் பத்தாது, 81 வேண்டும். 'நாட் லெஸ் தேன் 80 டேஸ்' என்றால் 80 நாளே போதும். ஒரு நாள்தானே என்று விட முடியாது. 1961-ம் ஆண்டு பேறுகால நலச் சட்டம், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 'நாட் லெஸ் தேன்' 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது. 2017-ல் இரண்டு குழந்தை வரை விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. அதில் பிரசவத்துக்கு முன்னால் 'நாட் மோர் தேன்' 8 வாரம். அதாவது 8 வாரம் வரை எடுக்கலாம், அதற்கு மேல் கூடாது. குறைவாக எடுத்தால் மீதி பிரசவத்துக்குப் பின்னால் கிடைக்கும். 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி உண்டு. இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு நாள் கணக்கு வேறு. அதை இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்க.

3. 'இஃப்', 'அன்லெஸ்'

'இஃப் யூ அப்ளை' என்றால் 'நீங்க விண்ணப்பித்தால்'. 'அன்லெஸ் யூ அப்ளை' என்றால் 'நீங்க விண்ணப்பிக்காவிட்டால்'. 'இல்லை' என்பது 'அன்லெஸ்' உள்ளேயே இருக்கிறது. கூட ஒரு 'நாட்' போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

பயிற்சி: ஒரு வேலைக்கு வயது 'மோர் தேன் 18' என்று போட்டிருக்கிறது. இன்னொன்றுக்கு 'நாட் லெஸ் தேன் 18'. இன்றைக்கு 18 நிறைந்த பெண் எதற்குத் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்? விடையை அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்க. வீட்டில் இருக்கிற கம்பெனித் தாளையும் கொண்டு வாங்க. கையெழுத்துப் போடும் முன்னாலேயே சேர்ந்து படிப்போம்.