ஏரிக்கரை மக்கள் அளித்த விடை

நோய்களுள் ஊரெங்கும் பரவிப் பல்லாயிரவரை ஒருங்கே வருத்துவன உண்டு. எங்கோ சில குடிகளில் தோன்றி, அக்குடிகளையே தலைமுறைதோறும் தொடர்வனவும் உண்டு. முன்னவற்றுக்கு மருந்து காண அரசும் மருத்துவமும் விரைந்து முற்படுகின்றன. பின்னவற்றின் நிலை வேறு. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதிலும் அத்தகைய நோயாளர் இருவரையோ மூவரையோ காணலாம். ஒருவரையும் காணாது போதலும் கூடும். இருவரை மட்டும் ஆராய்ந்து நோயின் முதற்காரணத்தைத் துணிதல் எங்ஙனம் இயலும்? ஆகவே, அரிய நோயை ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் உள்ள வேலை, அந்நோயாளர் எங்கெங்கு உளர் எனத் தேடிச் சென்று அவர்தம் நம்பிக்கையைப் பெறுதலே ஆகும். ஹண்டிங்டன் நோயின் வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

அந்நோய் பெரும்பாலும் முப்பது வயதிற்கும் ஐம்பது வயதிற்கும் இடையே தலைகாட்டும். முதலில் விரல்கள் தாமே அசையும். பின்னர் கை, கால், முகம் ஆகிய யாவும் உடையவரின் ஆணைக்கு அடங்காமல் ஆடத் தொடங்கும். நடை தள்ளாடும், சொல் குழறும். உண்மை அறியாதார் இவர்களைக் குடியர் என்று இகழ்வதும் உண்டு. நாளடைவில் நினைவும் தெளிவும் குன்றும். உணவை விழுங்குதலும் அரிதாகும். பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளில் உயிர் பிரியும். தாய் தந்தையருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் அது வருவதற்கும் வாராமைக்கும் வாய்ப்பு ஒத்த அளவினதாகும். நால்வர் பிறந்தால் இருவர்க்கு வரும் என்று கணக்கிடுதல் பிழை. நால்வர்க்குமே வரலாம், ஒருவர்க்கும் வாராது ஒழியலாம். நோய் வெளிப்படும் முன்னரே பலர் மணந்து மக்களைப் பெற்றுவிடுவர் என்பது இதன் பெருங்கொடுமை.

இந்நோய்க்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஹண்டிங்டன், அமெரிக்க நாட்டு மருத்துவர். லாங் தீவில் ஈஸ்ட் ஹாம்டன் என்னும் ஊரில் அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவத் தொழில் புரிந்தனர். சிறுவனாக இருந்தபொழுது அவர் ஒருநாள் தந்தையுடன் வண்டியில் சென்றார். வழியில், உடல் வளைந்து முறுகி நடந்துவந்த தாயையும் மகளையும் கண்டு திகைத்தார். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. மூன்று தலைமுறை மருத்துவர் ஓரூரிலேயே இருந்து அக்குடிகளின் பாட்டன், மகன், பேரன் ஆகியோரைக் கண்டுவந்தமையால், நோய் வழிவழி வருவது என்பதை அவரால் துணிந்து கூற முடிந்தது. 1872-ஆம் ஆண்டில் அவர் இதனை எழுதி வெளியிட்டபொழுது வயது இருபத்திரண்டே.

அதன் பின்னர் ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தும் நோயின் வேர் எங்குள்ளது என்பது விளங்கவில்லை.

1968-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லியனோர் வெக்ஸ்லர் என்னும் அம்மையார் காலைப்பொழுதில் தெருவைக் கடந்து சென்றார். அவரது தள்ளாட்டத்தைக் கண்ட காவலர் ஒருவர், இவ்வளவு காலையிலேயே குடித்திருக்க நாணமில்லையா என்று கடிந்தார். அம்மையாரோ உயிரியல் கற்றவர். இளமையில் ஈக்களைக் கொண்டு மரபியல் ஆராய்ந்தவர். அவருடைய தந்தையாரும் உடன்பிறந்தார் மூவரும் இந்நோய்க்கு இரையானவர்கள். தமக்கும் அது வந்துற்றமையை அவ்வாண்டிலேயே அறிந்தார். அவருடைய முன்னாள் கணவர் மில்டன் வெக்ஸ்லர் சோர்ந்து அமரவில்லை. மரபுநோய் ஆராய்ச்சிக்கென அறநிறுவனம் ஒன்றை நிறுவி, பல துறை இளம் அறிஞர்களை ஒருங்கு கூட்டினார். மகளிர் இருவருள் இளையவரான நான்சி, உளவியல் பயின்றவர். தந்தையாரின் பணியைத் தம் பணியாக ஏற்றுக்கொண்டார். அந்நோய் தம்மையும் பற்றக்கூடும் என்பதை அறிந்தே அவர் அதில் இறங்கினார்.

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா என்பது ஒரு நாடு. அங்கே மரகைபோ ஏரியின் கரையில், மீன்பிடித்து வாழும் ஏழை மக்கள் உள்ளனர். நீரிலே கம்பங்களை நட்டு அவற்றின்மீது வீடு கட்டி வாழ்வோரும் அவர்களுள் உண்டு. இத்தகைய வீடுகளைக் கண்ட பண்டைய கடலோடிகள் வெனிஸ் நகரை நினைந்து இட்ட பெயரே வெனிசுவேலா ஆயிற்று என்பர். 1950-களில் அமெரிக்கோ நெக்ரெட்டே என்னும் அந்நாட்டு மருத்துவர் இவ்வேரிக்கரையில் தள்ளாடி நடப்போர் பலரைக் கண்டார். குடிமயக்கம் என முதலில் எண்ணியவர், பின்னர் அது நோய் என உணர்ந்து, ஹண்டிங்டன் நோயே என்றும் நிறுவினார். உலகில் வேறெங்கும் இல்லாத அளவிற்கு நோயாளர் அங்கே செறிந்திருந்தனர். பெரும்புகழுக்கு உரிய இக்கண்டுபிடிப்பு, ஏரிக்கரையைத் தாண்டிப் பரவப் பல்லாண்டுகள் ஆயின. 1972-இல், ஹண்டிங்டனாரின் கட்டுரை வெளிவந்த நூற்றாண்டு நினைவாகக் கூடிய கூட்டத்தில், இம்மக்களைப் பற்றிய படம் ஒன்று காட்டப்பெற்றது.

நான்சி அம்மையார் 1979-இல் அங்கே சென்றார். தாய் தந்தை இருவருக்கும் இந்நோய் உள்ள பிள்ளைகளைக் காண்பதே அவர் நோக்கம். அத்தகையோர் உடலில் நோயின் இயல்பு கலப்பின்றித் தெரியும் என அறிஞர் கருதினர். அரிய நோயாளர் இருவர் மணந்துகொள்ளுதல் பிற இடங்களில் மிக அரிது. நோய் செறிந்த இவ்வேரிக்கரையில் அஃது இயல்பாக நிகழ்ந்தது. 1981 முதல் ஆண்டுதோறும் அறிஞர் குழு ஒன்று அங்கே செல்லத் தொடங்கியது. லகுனெட்டா என்னும் நீர்மேல் ஊருக்குப் படகிலேதான் செல்லல் வேண்டும்.

அயல்நாட்டார் வந்து குருதி கேட்டால் எவர் எளிதில் கொடுப்பர்? அம்மக்கள் ஐயுற்றனர். இந்நோய் தங்கள் ஊருக்கு மட்டுமே உரியது என்றும் அவர்கள் எண்ணியிருந்தனர். அமெரிக்காவிலும் இந்நோய் உண்டு, இவ்வம்மையாரின் தாயும் இதனாலேயே இறந்தார், இவருக்கும் இது வரக்கூடும் என்று எடுத்துரைத்தபொழுது அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. உடனிருந்த செவிலி ஒருவர் நான்சியின் கையைப் பற்றித் தூக்கி, ஆராய்ச்சிக்கெனத் தோலிற் சிறு துண்டம் எடுத்த வடுவைக் காட்டினார். அவர்களிடம் கேட்டதைத் தாமும் கொடுத்தவர் இவர் என்பதற்கு அவ்வடு சான்றாயிற்று. எத்துணைச் சொல்லியும் அகலாத ஐயம் அதன்பின் அகன்றது என்பர். ஆராய்ச்சியாளர்க்குக் கல்வி மட்டும் போதும் என எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று.

மக்கள் தம் குருதியை மட்டுமன்றித் தம் குடிவரலாற்றையும் அளித்தனர். எவர் மகன் எவர், எவர் எந்த வயதில் நோயுற்றார் என்பவற்றை வீடு வீடாகக் கேட்டு எழுதினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கொடிவழிப் படம் பத்துத் தலைமுறைகளையும் 18,000-க்கும் மேற்பட்ட மக்களையும் கொண்டதாய் வளர்ந்தது. 4,000-க்கும் மேற்பட்டோர் குருதி வழங்கினர். எடுத்த குருதி கெடுவதற்கு முன் வானூர்தி வழியே பாஸ்டன் நகருக்கு அனுப்பப்பெற்றது.

பாஸ்டனில் ஜேம்ஸ் குசெல்லா என்னும் இளம் அறிஞர் அதனை ஆராய்ந்தார். மரபுப்பொருளில் இயல்பாகவே ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்கள் உள்ளன. அவ்விடங்களுள் ஒன்று நோயுற்றார்க்கெல்லாம் ஒருபடித்தாகவும், நோயுறாதார்க்கு வேறாகவும் அமைந்திருப்பின், நோய்க்குக் காரணமான மரபணு அதன் அருகே உள்ளது எனக் கொள்ளலாம். வீட்டெண் அறியாது ஒரு பெருநகரில் ஒருவரைத் தேடுவோர்க்குத் தெருப்பெயர் கிடைத்தாற்போன்றது இது. சிறு குடும்பத்தில் இத்தகைய ஒற்றுமை தற்செயலாகவும் நேரலாம். அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் சிறு குறிப்பு மட்டுமே கிடைத்தது; ஏரிக்கரையின் பெருங்குடும்பத்திலேதான் அது ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்பட்டது. 1983-இல் நான்காம் குரோமோசோமில் அவ்விடம் கண்டறியப்பட்டது. எங்குள்ளது என முன்பே தெரியாத ஒரு மரபுநோயின் இடம் இம்முறையால் காணப்பெற்றது அதுவே முதல் முறை.

தெரு தெரிந்தும் வீட்டைக் காணப் பத்தாண்டுகள் ஆயின. 1993-இல் ஆறு குழுக்களைச் சேர்ந்த 58 அறிஞர்கள் கூடி அம்மரபணுவைக் கண்டு அறிவித்தனர். சி, ஏ, ஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அதில் அடுத்தடுத்து வருகிறது. நோயற்றார்க்கு அது 35 முறைக்கு மிகாது. 40-ம் அதற்கு மேலுமாயின் நோய் வருதல் உறுதி. இடைப்பட்டோர்க்கு வரலாம், வாராமலும் இருக்கலாம். பொதுவாக, எண் மிகுந்தோர்க்கு நோய் இளமையிலேயே வரும்.

இத்துணை அறிவை உலகிற்கு வழங்கிய மக்கள் பெற்றது யாது? ஆண்டுதோறும் சென்ற குழுவினர் மருந்தும் மருத்துவ உதவியும் அளித்தனர். 1999-இல் மரகைபோவில் நோயாளர்க்கென இல்லம் ஒன்று தொடங்கப்பெற்றது. 2002-ஆம் ஆண்டோடு அக்குழுவின் பயணங்கள் நின்றன. பின்னர் அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. உணவும் மருந்தும் கிடைத்தற்கு அரியவாயின. கட்டுக்கடங்காத அசைவைக் குறைக்கும் டெட்ராபெனசின் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2008-இல் இந்நோய்க்கு ஏற்றது. எனினும் அப்பொழுது அது விலைமிக்கதாய் இருந்தது. நோயின் மூலத்தைத் தாக்கும் மருந்து ஒன்றின் பெருஞ்சோதனை 2021-இல் எதிர்பார்த்த பயன் இன்மையால் நிறுத்தப்பட்டது. இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் செல்வ நாடுகளின் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. 2012-இல் தொடங்கிய என்ரோல்-எச்.டி. என்னும் உலகப் பதிவேட்டில் 20,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்துள்ளனர். ஆண்டுதோறும் தம் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் இவர்களிலிருந்து, புதுமருந்துச் சோதனைக்குத் தக்கோரை விரைந்து கண்டறிதல் கூடும். அடிப்படைக் குருதியை அளித்த குடிகளுக்கும் அத்தகைய வாயில் திறந்திருத்தலே முறை. கொடுத்தவர் வாசலில் நிற்க, பெற்றவர் உள்ளே விருந்துண்ணுதல் அழகன்று.

மரபணு கண்டறியப்பட்டதும், நோய் வருமா வாராதா என்பதை எளிய குருதிச் சோதனையால் முன்னரே அறிய இயன்றது. ஆயினும் நோய்க்குடியிற் பிறந்தோருள் பெரும்பாலோர் அச்சோதனையை விரும்பவில்லை. தீர்க்கும் மருந்து இல்லாதபொழுது முன்கூட்டி அறிந்து என் செய்வது என்பது அவர்கள் கருத்து. வேறு சிலரோ ஐயத்தோடு வாழ்வதினும் அறிந்து வாழ்தல் மேல் என்றனர். இதில் ஒருவரது முடிவைப் பிறர் குறைகூறல் தகாது. அச்சோதனைக்கு வழிவகுத்த நான்சி அம்மையாரும் தம் முடிவைப் பல்லாண்டுகள் வெளியிடவில்லை. 2020-ஆம் ஆண்டில், தம் எழுபத்து நான்காம் வயதில், தமக்கும் அந்நோய் வந்திருப்பதை உலகறியக் கூறினார். அப்பொழுதும் அவர் ஆராய்ச்சிப் பணியைக் கைவிடவில்லை.