கைபேசி ஸ்டார்ட்டர் டவரில் பதிவாகவில்லையா? பனிக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

நீலகிரியில் காரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் முதலிய மலைக் காய்கறிகளைப் பயிரிடும் விவசாயிகளுக்கு உறைபனிக் காலம் ஒரு சோதனைக் காலமாகும். கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், குளிர்ந்த காற்று சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்கி நிற்கும். மேட்டு நிலம் தப்பினாலும், ஓடையோரத்து நிலம் விடியும்போது உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் இலைகள் கருகிவிடும்.

இதைத் தடுக்கப் பலரும் தெளிப்பான் மூலம் தண்ணீர் தெளிக்கின்றனர். தண்ணீர் உறையும்போது வெளிவரும் வெப்பம் இலையைக் காக்கிறது. ஆனால், தெளிப்பைப் பனி பிடிக்கும் முன்பே தொடங்க வேண்டும். வெயில் ஏறி, உறைந்த நீர் கரையும் வரை நிறுத்தவும் கூடாது. பாதியில் நின்றுவிட்டால், ஈர இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது குளிர் மேலும் கூடும். தெளிக்காத வயலைவிடத் தெளித்த வயலுக்கே அப்போது சேதம் அதிகம்.

மோட்டார் இருப்பதோ பள்ளத்தில். வீடு இருப்பதோ மேட்டில். அதிகாலை 3 மணிக்குக் காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதையில் இறங்கிப் போவது உயிருக்கு ஆபத்து. இதனால்தான் வீட்டிலிருந்தபடியே மோட்டாரை இயக்கும் கைபேசி ஸ்டார்ட்டர்களை விவசாயிகள் விரும்பி வாங்குகின்றனர். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் இக்கருவிக்கு மானியம் வழங்கி வந்துள்ளது. இப்போதைய மானிய விவரத்தை அத்துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஆனால், தேவைப்படும் இரவில் பெட்டி பதில் சொல்லாமல் போவதும் உண்டு. பல நேரங்களில் மோட்டாரிலோ மின்சாரத்திலோ குறை இருக்காது. பெட்டிக்குள் இருக்கும் மோடம், டவரில் பதிவாகியிருக்காது. அவ்வளவுதான். இக்குறையைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறையைக் கீழே காண்போம்.

பதிவு என்றால் என்ன?

தேயிலைக் கொழுந்தைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் உறுப்பினரை எண்ணிப் பாருங்கள். முதலில் அவர் தொழிற்சாலையைச் சென்றடைய வேண்டும். பிறகு உறுப்பினர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் ஏட்டில் உள்ளதா, நடப்பில் உள்ளதா என்று பார்த்த பின்பே கொழுந்து நிறுக்கப்படும். மோடமும் இப்படித்தான். மின்சாரம் வந்ததும் சிம் கார்டைப் படிக்கும்; தனக்குப் புரியும் அலைவரிசைகளில் டவரைத் தேடும்; கிடைத்ததும் சிம்மின் எண்ணைச் சொல்லி அனுமதி கேட்கும். நிறுவனம் சரிபார்த்து அனுமதித்தால்தான் அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும். எனவே, சிக்னல் இருப்பது வேறு, பதிவாவது வேறு. தொழிற்சாலை வாசலில் நிற்பதால் மட்டும் கொழுந்தை வாங்கிக்கொள்ள மாட்டார்கள் அல்லவா?

முதல் சோதனை

வீட்டிலிருந்து பெட்டியின் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் மோடம் பதிவாகியுள்ளது என்று பொருள். அப்படியும் மோட்டார் ஓடாவிட்டால் குறை வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் எண் பெட்டியில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராமல் இருக்கலாம். கிணற்றில் நீர் குறைந்து தடுப்புக் கருவி வேலை செய்திருக்கலாம். மாறாக, 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' அல்லது 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்ற அறிவிப்பு வந்தால், பதிவில்தான் குறை. கீழ்க்கண்ட வரிசைப்படி பார்க்கவும். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. மின்சாரம்

மோடம் சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த மின்சாரமே போதும். ஆனால் 2ஜி டவரிடம் பேசும் கணத்தில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டர் மட்டமானதாகவோ, உள்ளிருக்கும் பேட்டரி பழையதாகவோ இருந்தால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து மோடம் அணைந்துவிடும். மீண்டும் விழிக்கும், தேடும், பேச முயலும், அணையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'டவர் கிடைக்கவில்லை' என்றே தோன்றும். தூரத்து டவருடன் பேச மோடம் அதிக சக்தி செலவிட வேண்டியிருப்பதால், பள்ளத்தாக்கில் இக்குறை அதிகம். நல்ல பேட்டரியை மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

2. சிம் கார்டு

நீலகிரியில் மிகுதியாக ஏமாற்றக்கூடியது இதுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை. பெட்டியை மறந்துவிடுகிறோம். ரீசார்ஜ் காலம் முடிந்துவிடுகிறது. தொடர்ந்து 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். ஆனி மாதத்தில் ஓய்வெடுத்த சிம், மார்கழியில் உயிரோடு இருக்கும் என்று நம்ப முடியாது.

சிம்மைக் கழற்றிச் சாதாரணக் கைபேசியில் போட்டு, மோட்டார் இருக்கும் அதே இடத்தில் நின்று பேசிப் பாருங்கள். பின் எண் பூட்டு கேட்டால் அதை நீக்கிவிடவும். சிம்மின் பொன்னிறத் தகட்டில் களிம்பு பிடித்திருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கவும். ஈரம் மிகுந்த நம் மலையில் களிம்பு விரைவில் பிடிக்கும்.

இங்கு ஒரு முக்கியக் குறிப்பு. முடங்கிய சிம்மை நிறுவனம் ஒருமுறை மறுத்துவிட்டால், பல மோடம்கள் அதைச் செல்லாத சிம் என்று முடிவு செய்து, மறுபடி அனுமதி கேட்பதையே நிறுத்திவிடும். நீங்கள் ரீசார்ஜ் செய்த பின்பும் அது கேட்காது. பெட்டியை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட வேண்டும். மெயின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள்ளிருக்கும் பேட்டரி இணைப்பையும் எடுக்க வேண்டும். போட்ட பின் 3 நிமிடமாவது பொறுத்திருக்கவும்.

3. தலைமுறைப் பொருத்தம்

கைபேசியில் நன்றாக வேலை செய்யும் சிம், பெட்டியில் வேலை செய்யாமல் போகலாம். சில ஆண்டுகளுக்கு முன் விற்ற ஸ்டார்ட்டர்களில் பல, 2ஜி மட்டுமே அறிந்தவை. 2016-இல் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி டவரே கிடையாது. அந்த சிம்மை 2ஜி பெட்டியில் போட்டால், எத்தனை நாள் காத்திருந்தாலும் பதிவாகாது. ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020-இல் நிறுத்திவிட்டது. தமிழகத்தில் பெரிதும் புழங்கிய ஏர்செல், 2018-இல் அடியோடு நின்றுபோனது. ஆகவே, ஒரு காலத்தில் ஓடிய பெட்டி என்பதற்காக இன்றும் ஓடும் என்று எண்ணலாகாது.

பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் 2ஜி-யா, 4ஜி-யா என்று பாருங்கள். 2ஜி என்றால், உங்கள் பள்ளத்தில் 2ஜி கிடைக்கும் நிறுவனத்தின் சிம்மையே போடவும். இதை அறிய, கைபேசியின் அமைப்பில் '2ஜி மட்டும்' என்று மாற்றி வைத்துச் சோதிக்கலாம். புதிதாக வாங்குவோர் 4ஜி, 2ஜி இரண்டிலும் இயங்கும் பெட்டியைக் கேட்டு வாங்குவது நலம். 4ஜி-யில் மட்டும் இயங்கும் பெட்டியானால், 4ஜி வழியே குரல் அழைப்பு ஏற்குமா என்றும் விற்பவரிடம் கேட்கவும். ஏற்காவிட்டால், டவரில் பதிவான பின்பும் மிஸ்டு காலுக்கு மோட்டார் ஓடாது.

4. ஆன்டெனா

இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்து மூடுவது, குடத்துக்குள் விளக்கை வைப்பது போலாகும். ஆன்டெனா பெட்டிக்கு வெளியே, செங்குத்தாக, தகரக் கூரையை ஒட்டாமல் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காக மெல்லிய வயரை நீளமாக இழுக்கலாகாது. மெல்லிய ஆன்டெனா வயரில் 10 மீட்டர் போவதற்குள் அலையின் பெரும்பகுதி வீணாகிவிடும். மோடம் பகுதி தனியாக வரும் கருவியானால், அதையே உயர்த்தி வைத்து, ஸ்டார்ட்டருக்கு வரும் கட்டுப்பாட்டு வயரை நீட்டுவது மேல். அதற்குத் தடித்த வயர் வேண்டியதில்லை.

மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடும் என்று பலர் சொல்வதுண்டு. கைபேசி அலைகளை மூடுபனி அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆன்டெனா இணைப்பில் இறங்கும் ஈரமே உண்மையான காரணம். இணைப்பைக் கையால் இறுக்கி, ரப்பர் டேப்பால் சுற்றி, வயரைக் கீழ்நோக்கி ஒருமுறை வளைத்து விட்டால், நீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

5. எல்லைப்புறக் கோளாறு

கூடலூர், பந்தலூர் பகுதிகளில் கேரள டவர்களும், மசினகுடிப் பக்கம் கர்நாடக டவர்களும் குறுக்கிடுவது உண்டு. குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் மேட்டுப்பாளையம் சமவெளியின் டவர்கள் தெரியும். மோடம் அங்கும் இங்கும் தாவும். வேற்று மாநில டவரில் சேர்ந்தால் அது ரோமிங் ஆகும். சில பெட்டிகள் ரோமிங்கைப் பதிவாக ஏற்பதில்லை. இதற்கான அமைப்பை மெக்கானிக்கைக் கொண்டு மாற்றலாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 2 எண்கள்

மடிக்கணினியைப் பெட்டியுடன் இணைத்து மெக்கானிக் 2 கேள்விகள் கேட்க முடியும். ஒன்று, சிக்னல் அளவு. 0 முதல் 31 வரை வரும். 10-க்குக் கீழே என்றால் ஆன்டெனாவைக் கவனிக்க வேண்டும். 99 என்றால் அளக்க முடியவில்லை என்று பொருள். மற்றொன்று, பதிவு நிலை. 1 வந்தால் சொந்த வட்டத்தில் பதிவு. 5 வந்தால் ரோமிங்கில் பதிவு. 2 வந்தால் இன்னும் தேடுகிறது. 0 வந்தால் பதிவும் இல்லை, தேடவும் இல்லை. 3 வந்தால் அனுமதி மறுப்பு.

இந்த 3 என்ற பதில் முக்கியமானது. டவர் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, ஆனால் நிறுவனம் மறுக்கிறது. இதற்கு ஆன்டெனாவை மாற்றுவது வீண் செலவு. சிம் முடங்கியிருக்கலாம், அல்லது மோடமின் அடையாள எண் போலியாக இருக்கலாம். செல்லுபடியாகும் அடையாள எண் இல்லாத கருவிகளைத் தடுக்க வேண்டும் என்பது 2009 முதல் நம் நாட்டில் நடைமுறை. மலிவு என்று பில் இல்லாமல் வாங்குவதில் இந்த ஆபத்து உண்டு.

வால்பாறை தரும் பாடம்

மலைப்பகுதியில் இத்தகைய கருவிகள் நம்பகமாக உழைக்கும் என்பதற்கு வால்பாறை ஓர் எடுத்துக்காட்டு. யானைகள் வரும் இடங்களை மக்களுக்குக் குறுஞ்செய்தியாலும், கைபேசி வழியே எரிய வைக்கும் சிவப்பு விளக்குகளாலும் அறிவிக்கும் முறையை அங்கு ஏற்படுத்திய எம். ஆனந்தகுமார், 2015-இல் விட்லி விருது பெற்றார். அந்த விளக்கு எரியாமல் போனால், இருட்டில் நடப்பவர் யானையின் எதிரே போய் நிற்க நேரும். ஆகவே கருவியை வைப்பதோடு வேலை முடிவதில்லை. அதை நாள்தோறும் கவனிப்பவர் ஒருவர் வேண்டும். நம் வயலுக்கும் இதே பாடம்தான்.

நினைவில் கொள்ள

ஐப்பசி மாதத்திலேயே சிம்மை ரீசார்ஜ் செய்து, பேட்டரியைச் சோதிக்கவும். மழைக்காலத்திலும் மாதம் ஒருமுறை பெட்டியிலிருந்து ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ போகும்படி செய்யவும். பனி விழும் எனத் தோன்றும் நாளில், மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை அழைத்து, மோட்டாரை ஓட்டி நிறுத்திப் பார்க்கவும். அப்போது பதில் வராவிட்டால் பள்ளத்துக்கு இறங்கிச் சரிசெய்யப் பொழுது இருக்கும். சரியாகாவிட்டால், பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மோட்டாரிலோ வயரிலோ கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றிவிட வேண்டும். பதிவாகாமல் இருந்த பெட்டி எந்த நேரத்திலும் பதிவாகலாம். வீட்டிலிருந்து ஒரு பிள்ளை விளையாட்டாக அழைத்தாலும் மோட்டார் ஓடத் தொடங்கும். பயிரைக் காக்கும் கருவி, உயிரைப் பறிக்க இடம் தரக் கூடாது.