கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளில் சமூகப்பணி: எங்கிருந்து தொடங்குவது?

சமூகப்பணி என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் விழிப்புணர்வுக் கூட்டத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதை விடுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து இந்த வரிசை வீடுகளுக்குத் திரும்புகிற வெளிமாநிலத் தொழிலாளிக்கு வேண்டியது அரிசி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

ஞாயிறு மாலை போங்கள். மற்ற நாட்களில் பாதிப்பேர் வேலையில், மீதிப்பேர் தூக்கத்தில். முதலில் வீட்டு உரிமையாளரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்கக் கான்ட்ராக்டரின் ஆளை அழைக்காதீர்கள். சம்பளப் பாக்கியை அவர் எதிரில் யார் சொல்வார்கள்? தமிழ் பழகிய ஒடியாக்காரரோ பீகார்க்காரரோ போதும். பெண்களிடம் பேச ஒரு பெண்.

அடுத்தது ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வெளிமாநில கார்டுக்கு இங்கேயும் தானியம் உண்டு. ஆதார் இணைந்திருக்க வேண்டும், கைரேகை பதிய வேண்டும். இரும்பிலும் செங்கல்லிலும் தேய்ந்த விரலை இயந்திரம் சட்டென்று ஏற்காது; வேறு விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய தடை பயம். இங்கே வாங்கினால் ஊரில் மனைவிக்குக் கிடைக்காதோ என்று கார்டு எண்ணையே தரமாட்டார்கள். ஒரு பகுதியை இங்கும் மீதியை ஊரிலும் வாங்கலாம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பருப்பும் பாமாயிலும் மாநில அரசின் திட்டம், இவர்களுக்கு வராது. இதையும் முன்பே சொல்லிவிட்டால் கடையில் தகராறு இல்லை. முதல் தடவை கூடவே போங்கள்.

பள்ளிச் சேர்க்கைக்கு 2009 கல்வி உரிமைச் சட்டம் போதும். வயதுச் சான்று இல்லை, நடு ஆண்டு என்று சொல்லி அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சீசன் முடிந்து ஊர் திரும்புவார்கள் என்பதால் தாய்மொழிப் பாடமும் வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியா புத்தகம் வரவழைத்தே வகுப்பு நடந்திருக்கிறது. கல்வி அலுவலரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் தொண்டர்கள் வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது; அங்கே அனுமதியோடுதான் போக வேண்டும். அங்குள்ள இளைஞர்களை உதவி பெறுகிறவர்களாக மட்டும் பார்ப்பது நம் அசட்டுத்தனம். எந்தச் சான்றுக்கு எந்த மேசை என்பது அவர்களுக்கு நம்மைவிட அத்துப்படி, தொண்டர்களாகக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, வதந்தி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பயந்து ஊருக்குக் கிளம்பியவர்களும் உண்டு. அப்படி ஒன்று மறுபடி வந்தால் துண்டறிக்கை உதவாது. காவல் நிலையத்தில் விசாரித்த பிறகு, தொழிலாளர்களில் ஒருவரையே அவர் மொழியில் பேசவைத்து, அந்தக் குரல்பதிவை அன்றிரவே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள்.