மூளையில் அடிபட்டவரும் வீட்டாரின் கடமையும்



கால் முறிந்த ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் செய்யவேண்டியது நமக்குத் தெரியும். கட்டுப் பிரிக்கும் நாள் வரையில் பொறுத்திருக்கிறோம். பிறகு அவர் மெல்ல நடக்கத் தொடங்குகிறார். மூளையில் காயம்பட்டவரின் காரியம் அப்படியன்று. விபத்தினாலோ, இரத்தக் குழாய் வெடித்ததினாலோ மூளை பழுதுற்றவர் உயிர் தப்பி வீடு திரும்புகிற அந்த நாளில்தான் வீட்டாரின் வேலை தொடங்குகிறது. அது எத்தகைய வேலை? அதை யார் யார் செய்யவேண்டும்? அதில் எங்கே தவறிப்போகிறோம்? ஒரு குடும்பத்தில் உண்மையாகவே நடந்ததைக் கொண்டு இவற்றைச் சிந்திப்போம்.

1. நடந்தது என்ன?

பட்ரீஷியா நீல் அமெரிக்க நடிகை. 1963-ல் வெளிவந்த 'ஹட்' என்ற படத்துக்காகச் சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் விருது பெற்றவர். அவருடைய கணவர் ரோல்டு டால், சிறுவர் கதைகளால் பேர்பெற்ற எழுத்தாளர். இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்னும் கிராமத்தில் அவர்கள் குடியிருந்தார்கள்.

துன்பம் அந்த வீட்டுக்குப் புதிதன்று. 1960-ல் நியூயார்க் நகரத்தில், அவர்களுடைய நான்கு மாத ஆண் குழந்தையின் தள்ளுவண்டியில் ஒரு டாக்சி மோதிற்று. குழந்தையின் மண்டையில் பலத்த அடிபட்டு, உள்ளே நீர் கோத்துக்கொண்டது. நீரை வடிக்க வைத்த குழாயின் வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. தகப்பனார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஸ்டான்லி வேட் என்ற பொறியியல் வல்லுநரையும், கென்னத் டில் என்ற மூளை அறுவை வைத்தியரையும் நாடினார். மூவரும் சேர்ந்து, எளிதில் அடைத்துக்கொள்ளாத புதிய வால்வு ஒன்றை 1962-க்குள் உருவாக்கினார்கள். அது கைக்கு வந்தபோது அவர்களுடைய பிள்ளைக்குத் தேவைப்படவில்லை. ஊரார் பிள்ளைகள் அநேகருக்கு உதவிற்று. அதே 1962-ல் ஏழு வயதான மூத்த மகள், தட்டம்மை மூளையைத் தாக்கியதால் இறந்துபோனாள்.

மூன்றாவது அடி 1965 பிப்ரவரியில் விழுந்தது. படப்பிடிப்புக்காகக் கலிபோர்னியா சென்றிருந்த நீல் அப்போது 39 வயதுள்ள கர்ப்பிணி. மூளையின் இரத்தக் குழாய் வெடித்து, அடுத்தடுத்து மூன்று முறை இரத்தம் கசிந்தது. மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தார். கண் விழித்தபோது வலது பக்கம் செயலற்றிருந்தது. வசனம் பேசிப் பழகிய வாயில் பேச்சில்லை.

2. பேச்சு போனால் அறிவும் போயிற்றா?

இதை வீட்டார் முதலில் அறிந்துகொள்ளவேண்டும். உடலின் வலப்புறத்தை ஆள்வது மூளையின் இடப்பக்கம். பெரும்பாலான மனிதருக்குப் பேச்சின் இடமும் அதே பக்கந்தான். ஆகவே வலது கை கால் விழும்போது பல வேளைகளில் பேச்சும் சேர்ந்து விழுகிறது.

ஆனால் பேச்சிழந்தவர் மதியிழந்தவர் அல்லர். தண்ணீர் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்; 'தண்ணீர்' என்ற சொல்தான் அகப்படவில்லை. வேறொரு சொல் வாயில் வந்து விழும். நீலும் அப்படியே, பொருளுக்குப் பொருத்தமில்லாத விநோதச் சொற்களைச் சொல்லித் தவித்தார். அவ்வேளையில் நாம் சிரித்தால், அல்லது அவர் இல்லாதது போல அவரைப் பற்றி மற்றவரோடு பேசினால், உள்ளே விழித்திருக்கும் ஓர் ஆள் புண்படுகிறார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெட்டுப்போன பாதையை விட்டு வேறு பாதை தேடும் சக்தி மூளைக்கு இருக்கிறது. அந்தப் புதுப் பாதை திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால் உண்டாகிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாயிருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவாவது நின்றுபோவதன்று. ஆண்டுகள் கழித்தும் சிறிது சிறிதாகத் தேறுகிறவர்கள் உண்டு.

3. ஊரே பள்ளிக்கூடம்

அந்த மே மாதத்தில் குடும்பம் கிராமத்துக்குத் திரும்பிற்று. ஆகஸ்டில் பெண் குழந்தை சுகமே பிறந்தது. மருத்துவமனையில் நாள்தோறும் கிடைக்கும் சிறுபொழுதுப் பயிற்சி போதாதென்று கருதிய டால், அக்கம்பக்கத்தாரை அழைத்தார். முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வரையில் படிப்பு, எழுத்து, கணக்கு, பேச்சு என்று பாடம் நடந்தது.

வந்தவர்களில் ஒருவர் வாலரி ஈட்டன் கிரிஃபித். அவர் பேச்சுப் பயிற்சி படித்தவரல்லர், சாதாரண அயல்வீட்டுக்காரி. ஆனால் நோயாளிக்கு எதில் விருப்பம் உண்டென்று பார்த்து, அதையே பாடமாக்கினார். சொல் விளையாட்டும் புதிரும் வைத்தார். 1967-ல் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நன்மைக்காக நியூயார்க்கில் நடந்த விருந்தில் நீல் மேடையேறிப் பேசினார். அந்தப் பேச்சை வரி வரியாக மனப்பாடம் செய்யத் துணைநின்றவர் கிரிஃபித்தே. அடுத்த ஆண்டு வெளிவந்த படமொன்றில் நீல் மறுபடியும் நடித்தார். மறுபடியும் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டார்.

கிரிஃபித் தம் அனுபவத்தை 1970-ல் நூலாக வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் பேச்சிழந்த நோயாளிகளின் வீடுதேடிச் செல்லும் தொண்டர்கள் திட்டமும் அவர் முயற்சியால் எழுந்தது.

4. கண்டிப்பும் அதன் எல்லையும்

டால் கண்டிப்பானவர். மனைவி கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். பெயரைச் சொல்லட்டும் என்று காத்திருப்பார். அந்தக் கண்டிப்பால் தாம் தேறியதை நீல் பிற்காலத்தில் நன்றியோடு ஒப்புக்கொண்டார். அந்நாட்களில் அவர்மேல் எவ்வளவு கோபம் கொண்டிருந்தார் என்பதையும் மறைக்கவில்லை.

இங்கே இரண்டு தவறுகளைக் கவனியுங்கள். இரக்கத்தினால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது ஒன்று. ஊட்டிவிடுகிற கை, தானாக உண்ணக்கூடிய கையைச் சோம்பவைக்கிறது. ஆத்திரத்தினால் அளவுக்கு மிஞ்சி நெருக்குவது மற்றொன்று. மூளை காயப்பட்டவருக்கு வரும் களைப்பு மெய்யான களைப்பு, அது சோம்பலன்று. அவருடைய திடீர்க் கோபமும் பல வேளைகளில் காயத்தின் பலனேயன்றிக் குணக்கேடன்று. ஆறு மணி நேரம் எல்லாருக்கும் ஆகாது. எவ்வளவு பயிற்சி, எப்போது ஓய்வு என்பதை வைத்தியரிடம் கேட்டு அறியவேண்டும், நோயாளியையும் கேட்கவேண்டும்.

அந்தத் தம்பதியின் வாழ்வு 1983-ல் மணமுறிவில் முடிந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. நோயாளியைத் தேற்றுவதும் இல்லறத்தைக் காப்பதும் ஒன்றல்ல. ஆசிரியராகவே நடந்துகொண்டிருக்கிறவர், தாம் கணவர் என்பதை மறந்துபோகக்கூடும். பாடத்தை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு, கணவராக மட்டும் அருகில் உட்காரும் நேரமும் வேண்டும்.

நீல் 2010-ல் தமது 84-ஆம் வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மனம் நொந்த காலத்தில் தமக்கு அடைக்கலமாயிருந்த கனெக்டிகட் மாநிலத்து பெனடிக்டைன் கன்னியர் மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

5. நம்முடைய வீடுகளில்

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அவர் தொடங்கிய சொல்லை நீங்கள் அவசரமாக முடித்துவிடாதீர்கள். பேசும்போது வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். பெரியவரிடம் பெரியவரோடு பேசுவதுபோலவே பேசுங்கள். அவருக்கு விருப்பமான பழைய வேலை ஒன்றை, பூ கட்டுவதோ, வரவு செலவு எழுதுவதோ, சிறு அளவில் மறுபடி அவர் கையில் கொடுங்கள்.

இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் தாய்க்கும் வாரத்தில் சில மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். அயலாரே, "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று வாசலில் கேட்டுப் போய்விடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து அண்ணனோடு உட்காருகிறேன்" என்று சொல்லுங்கள்; சொன்னபடி வாருங்கள்.

வீட்டில் கூடிச் சிந்திக்க:

நம் தெருவில் இப்படிப்பட்ட நோயாளி இருக்கிறாரா? கடைசியாக அவரைப் பார்க்கப் போனது எப்போது?

நாம் அவருக்காகச் செய்துவிடுகிற காரியங்களில் அவரே செய்யக்கூடியது எது?

அவரைப் பார்த்துக்கொள்கிறவரின் சுகத்தை யார் விசாரிக்கிறார்கள்?