குறட்டையும் தாடைச் சிகிச்சையும்

சென்னை–திருச்சிராப்பள்ளிப் பெருஞ்சாலையினின்று சேலஞ் செல்லும் சாலை பிரியுமிடம் உளுந்தூர்பேட்டை. இரவு முழுதும் இவ்வழியே லாரிகளும் பேருந்துகளும் ஓடுகின்றன. ஓட்டுவோர் ஒரு கணம் கண்ணயரினும் பல உயிர்க்குக் கேடாம். அவ்வயர்விற்கு இராக்கண் விழித்தலேயன்றி நோயும் காரணமாதலுண்டு என்பதை நாம் அறிதல் வேண்டும்.

உரத்த குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமென்பர் பலர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர, நாவும் மெல்லண்ணமும் பின்சாய்ந்து மூச்சுவழியை அடைப்பதுண்டு. 10 விநாடியும் அதற்கு மேலும் மூச்சு நிற்கும். இரத்தத்திற் பிராணவாயு குறையும். உடனே மூளை உறக்கத்தைக் கலைக்கும். மணிக்கு 30 முறையேனும் இங்ஙனம் நிகழின் நோய் கடுமையானதாம். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் பகலில் தூங்கி விழுவது இதனாலேயே.

முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் முறையை 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் முதலியோர் வெளியிட்டனர். இன்றும் அதுவே முதற்சிகிச்சை. அதனைத் தாங்கவியலாதார் சிலர்க்கும், தாடை உட்சிறுத்தோர்க்கும் தாடை அறுவை பயன்படும். இரு தாடைகளையும் அறுத்து, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, டைட்டானியத் தகடுகளாற் பிணிப்பர். எலும்போடு நாவும் அண்ணமும் முன்வரவே, மூச்சுவழி அகலுகின்றது. கீழுதடு மரத்தலும் முகத்தோற்றம் சிறிது மாறுதலும் உண்டாதலின், தக்கவாறு ஆராய்ந்தே இதனை மேற்கொள்வர்.

குறட்டை விடுவோர் தம் குறட்டையைக் கேளார்; உடனுறைவோரே கேட்பர். ஆதலின், இல்லத்தில் எவர்க்கேனும் குறட்டையிடையே மூச்சு நிற்பதைக் காணின், அவரை உறக்கப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல் நம் கடனாம்.