வீண்பழி சுமந்த சிலந்தி

புனல் வடிவில் வலை பின்னும் சிலந்திகளுள் ஒன்று, நாடோடி எனப் பொருள்படும் 'ஹோபோ' சிலந்தி. ஐரோப்பாவே இதன் தாயகம். வயல்வெளிக்குரியது என்னும் பொருளில் 'அக்ரெஸ்டிஸ்' என்ற இலத்தீன் பெயர் இதற்கு வழங்குகிறது.

பழுப்பு நிறமுடைய இதன் உடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமே. கல்லிடுக்குகளிலும் மரக்கட்டைகளின் அடியிலும் தரையையொட்டி இது வலை பின்னும். விரித்த துணி போன்ற வலையின் ஒரு புறம் குறுகிப் புனலாகும். அவ்வலையில் பசை கிடையாது. புனலுள் பதுங்கியிருக்கும் சிலந்தி, பூச்சியின் கால் பட்டு வலை அதிர்ந்ததும் பாய்ந்து கடித்து, அதனை உள்ளே இழுத்துச் செல்லும். கோடையின் இறுதியில் ஆண் சிலந்திகள் துணை தேடி அலையும். வீடுகளுக்குள் இவை மிகுதியாகக் காணப்படுவது அக்காலத்திலேதான்.

1930களில் இவ்வினம் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் காணப்பட்டது. 1980களில் முயல்களைக் கொண்டு நடத்திய சோதனையின் பேரில், தோலை அழுகச் செய்யும் புண்களுக்கு இதன் நஞ்சே காரணம் எனக் கூறப்பட்டது. அதனால் மக்கள் பெரிதும் அஞ்சினர். 'அக்ரெஸ்டிஸ்' என்பதையே 'மூர்க்கமானது' எனப் பிழைபடக் கொண்டோரும் உளர். ஆயினும், பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஐரோப்பாவிலோ இது தீங்கற்றதென்றே கருதப்பட்டு வந்துள்ளது.

சிலந்திக்கடி என எண்ணப்படும் புண்கள் பல, உண்மையில் பாக்டீரியாக் கிருமிகளால் உண்டாகுபவை. சிலந்தியின்மேல் பழியைப் போட்டு வாளாவிருந்தால் நோய் முற்றிவிடும். ஆதலின், ஆறாத புண்ணைக் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமையாகும்.