மொட்டை மாடியில் ஒரு மூக்கு

போகியன்று காலை சென்னையில் எதிர்வீடே தெரியாது. அன்று காற்று கெட்டிருக்கிறது என்று சொல்ல கருவி வேண்டாம். மற்ற நாள்களில்தான் வேண்டும். பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில், முப்பதில் ஒரு பங்கு. தும்மலைக்கூட வரவழைக்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

வீட்டிலேயே அளக்கலாம். நோவா எஸ்டிஎஸ்011 போன்ற லேசர் சென்சார் ஒன்று, வைஃபை உள்ள நோட்எம்சியூ பலகை, ஈரப்பதம் பார்க்க டிஎச்டி22, 5 வோல்ட் சார்ஜர் ஆகியவை போதும். ரிச்சி தெருவில் விசாரியுங்கள், இல்லையென்றால் ஆன்லைன். இப்படி மக்களே காற்றை அளக்க ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015இல் தொடங்கிய முயற்சி இன்று சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் இயங்குகிறது. மென்பொருளையும் வயர் இணைப்புப் படத்தையும் அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிகிற வேலை.

சென்சாரை வைக்கும் கூட்டுக்கு 3 இன்ச் பிவிசி எல்போ இரண்டு வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து, வாய் இரண்டும் கீழே பார்க்கும்படி கவிழ்த்து மாட்டினால் மழை உள்ளே வராது. வாயில் கொசுவலைத் துண்டு கட்டாவிட்டால் குளவி குடிவந்துவிடும்.

இனி இடம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான், நான் உட்பட. முதலில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டினேன். தினமும் காலை ஏழரைக்கு எண் எகிறும். பள்ளி வேன்களின் புகை என்று ஒரு வாரம் அவற்றின்மேல் பழி போட்டேன். கடைசியில் பார்த்தால் எங்கள் வீட்டுத் தாளிப்பு! எக்ஸாஸ்ட் ஃபேன், ஏசியின் வெளிப்பெட்டி, ஜெனரேட்டர் இவற்றிலிருந்து தள்ளி, காற்று தாராளமாக வருகிற நிழலான இடத்தில் வையுங்கள். தெருப் புகைதான் உங்கள் கேள்வி என்றால் முதல் மாடி பால்கனி. பேட்டையின் பொதுவான காற்று என்றால் மொட்டை மாடி. இரண்டுக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது.

மாட்டிய உடனே எண்ணை நம்பிவிடாதீர்கள். இந்தச் சென்சார் துகளை எடை போடுவதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. ஈரக் காற்றில் துகள் நீர் குடித்து ஊதிப்போவதால் எண்ணும் கூடிவிடும். எஸ்டிஎஸ்011க்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஈரப்பத வரம்பு 70 சதவீதம். அதற்கு மேற்பட்ட அளவுகளை எல்லாம் தூக்கி எறிந்தால் சென்னையில் விடியற்காலையே மிஞ்சாது! எறியாமல், 'ஈரம்' என்று குறித்து வையுங்கள்.

பிறகு ஒப்பிடுங்கள். ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி, அரும்பாக்கம் போன்ற இடங்களில் அரசு நிலையங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதன் மணிக்கணக்குச் சராசரியை உங்களுடையதோடு இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். ஒரு பொறி உண்டு: அரசின் 'சமீர்' செயலியில் வருவது காற்றுத் தரக் குறியீடு, உங்கள் கருவி காட்டுவது ஒரு கனமீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது. பிஎம் 2.5 மைக்ரோகிராமில் 60 என்றால் குறியீட்டில் 100. 90 என்றால் 200. இது தெரியாமல் தன் சென்சார் பாதிதான் காட்டுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. ஒப்பிட மைக்ரோகிராம் அளவையே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள்.

24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. உங்கள் கருவியை வைத்து 58ஆ 62ஆ என்று வாதாட முடியாது. எந்த நேரத்தில் ஏறுகிறது, எந்தக் கிழமையில் ஏறுகிறது என்பதை அது நன்றாகவே காட்டும். அதனால் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள்: குப்பை எரித்தார்கள், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது, மதியம் கடல்காற்று வந்தது. ஒரு மாதம் கழித்து நோட்டையும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்தால், எந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்குப் போகக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

லேசரின் ஆயுள் சுமார் 8,000 மணி நேரம். விடாமல் ஓடினால் ஒரு வருடம்கூட வராது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் விழித்து அளக்கும்படி அமையுங்கள்.